எட்டுக்கும் ஏழுக்கும்

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கதை எழுதுகிறவனுக்கு எல்லா விஷயமும் தெரிந்திருக்கும் என்று வாசகர்களில் சிலர் நினைக்கிறார்கள். கல்லூரிக்குள் இரண்டு வருஷம் போய்விட்டு வெளியே வந்தவன் நான். "இது தோடியா, பைரவியா?" என்று யாராவது கேட்டால், அவசர ஜோலி இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவது என் வழக்கம். இருந்தாலும் இந்தக் கட்டுரை சங்கீதத்தைப் பற்றியதுதான். ஒரு வாத்தியத்தின் சரித்திரம்; அதை வாசித்த ஒரு பெரியவரின் கதை; அவர் விஷயத்தில் என் மனத்தில் இருபத்தொன்பது வருஷங்களாகத் தைத்துக் கிடந்த ஒரு முள்ளின் கதையும்கூட.

2024-ஆம் வருஷம், பங்குனி மாதம். எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊர் சிறியது, பெயரைச் சொன்னால் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள். "எழுதுங்க தம்பி, ஆனா பேரு கீரு வேண்டாம்" என்பது அவர் போட்ட நிபந்தனை.

திருவிழாவின் கடைசி நாள் இரவு. வாண வேடிக்கை முடிந்து, சாமி புறப்பாடும் முடிந்து, மணி பத்தரை ஆகியிருந்தது. கோயிலுக்கு எதிரே மேடை போட்டு, 'சாக்ஸபோன் இன்னிசை' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேடையில் நான்கு பையன்கள். ஒருவன் கீபோர்டு, ஒருவன் டிரம்ஸ், ஒருவன் பேஸ் கிதார், ஒருவன் தவில். இருபத்தைந்து வயதைத் தாண்டியவன் ஒருவனும் இல்லை. டிரம்ஸ் பையன் தலைமயிருக்குச் செம்பட்டைச் சாயம் போட்டிருந்தான். அவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி. கடைசியாக ஒரு கிழவர் மெதுவாகப் படியேறி வந்து அதில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம். கழுத்திலே மாட்டிய வாரில் பித்தளை நிறத்தில் சாக்ஸபோன் தொங்கியது.

"பாவம், தாத்தாவை எதுக்கு ஏத்திவிட்டிருக்கானுங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கிழவர் வாத்தியத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். இடது தோளைச் சற்றே உயர்த்தி, இடது கண்ணைப் பாதி மூடினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தோளை எனக்குத் தெரியும். சிறு பிள்ளையாக இருந்தபோது, பூவரச இலையைச் சுருட்டி ஊதிக்கொண்டு, அதே போலத் தோளை உயர்த்தி நடந்து காட்டி வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான். எங்கள் ஊர்ச் சிவன் கோயில் நாயனக்காரர் அவர்.

*

1994-ஆம் வருஷம் 'டூயட்' என்று ஒரு படம் வந்தது. பாலசந்தர் எடுத்தது, ஏ.ஆர்.ரஹ்மான் சங்கீதம். கதாநாயகன் பிரபு, சாக்ஸபோன் வாசிப்பவராக வருவார். திரையில் வாசித்தவர் அவர். திரைக்குப் பின்னால் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அந்தப் படம் வந்த பிறகு தமிழ்நாட்டுக் கல்யாணங்களின் ருசியே மாறிப்போயிற்று. டீக்கடையில் சாக்ஸபோன், பஸ்ஸில் சாக்ஸபோன், மாப்பிள்ளை அழைப்பில் சாக்ஸபோன்.

மறு வருஷம் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திருச்சிக்காரர்கள். முதல் நாள் இரவு வரவேற்புக்குச் சாக்ஸபோன் கச்சேரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு எந்தக் காரியமானாலும் இரவும் பகலும் அந்த நாயனக்காரர்தான். இப்போது அவருக்கு யார் போய்ச் சொல்வது? பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், பதின்மூன்று வயதுப் பையனாகிய என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சீவாளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ராத்திரிக்கு வர வேண்டாமாம். காலையிலே தாலி கட்டுக்கு வந்தாப் போதுமாம்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை சரியான நேரத்துக்கு வந்தார், கெட்டிமேளம் கொட்டியது, நாயனம் முழங்கியது, போய்விட்டார். எனக்குத்தான் அந்த "சரி தம்பி" போகவில்லை.

அந்த மனிதர், எழுபது வயதைத் தாண்டி, தம்மை ஒதுக்கி வைத்த அதே வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளோ அவருக்குப் பேரன் வயது. என்ன நடந்திருக்கும்? கதையைத் தொடருவதற்கு முன்னால் அந்த வாத்தியத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் அவமானம் பட்டு வந்த வாத்தியம்தான்.

*

பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-ல் பிறந்தவர் அடால்ஃப் சாக்ஸ். தகப்பனார் வாத்தியம் செய்கிறவர். மகனும் அதே தொழில். மர வாத்தியத்தின் குழைவும் பித்தளை வாத்தியத்தின் கம்பீரமும் ஒரே குழாயில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். உடல் பித்தளை, ஆனால் ஊதும் இடத்தில் நாணல் தட்டை. பாரிஸ் நகரத்தில் 1846-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ராணுவ பாண்டுகளுக்கு வாத்தியம் பிடித்துப்போயிற்று. மற்ற வாத்தியக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். சாக்ஸ் மூன்று முறை திவாலானார். 1894-ல் அவர் இறந்தபோது, மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதக் குழுக்களில் அவருடைய வாத்தியத்துக்கு ஒரு நிரந்தரமான நாற்காலி கிடைத்திருக்கவில்லை.

நாற்காலி கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் சந்ததியார், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜாஸ் என்ற சங்கீதத்தை உண்டாக்கினார்கள். வேடிக்கைக் காட்சிகளில் சிரிப்பு மூட்டுவதற்காகக் கத்திக்கொண்டிருந்த சாக்ஸபோனை, 1920-களிலிருந்து கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற மேதை மனிதக் குரலாக மாற்றினார். ஜாஸ் என்றால் வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் நம்மிலே உண்டு. நானும் நினைத்ததுண்டு. அதன் அடிப்படை நமக்கு அந்நியமானது அல்ல. எல்லோருமாக ஒரு மெட்டைச் சொல்லுவார்கள். பிறகு ஒவ்வொருவராக முறை வைத்து, அந்த மெட்டின் எல்லைக்குள் நின்று தம் தம் மனோதர்மத்தைக் காட்டுவார்கள். முடிவில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் கச்சேரிகளில் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்?

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நமக்கு ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுவதும் அசையாது. தம்புராவாகப் பின்னால் நின்றுகொண்டே இருக்கும். ஜாஸிலோ அடியில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். ஆற்றில் போகும் படகிலிருந்து பாடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

இந்தியாவுக்கும் ஜாஸ் வெகு காலம் முன்பே வந்துவிட்டது. 1935-ல் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் லியான் அபே என்ற அமெரிக்கரின் குழு வாசித்தது. ஆனால் நம்முடைய சங்கீதத்துக்குள் சாக்ஸபோன் நுழைந்த வாசல் ஹோட்டல் அல்ல; அரண்மனை. 1949-ல் மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாகஸ்வர வித்துவானின் மகனாகப் பிறந்த கோபால்நாத், பையனாக இருந்தபோது மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டார். கேட்டது முதல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆசைப்பட்டால் போதுமா? நாகஸ்வரத்தில் விரல்கள் துளைகளை நேரே மூடுகின்றன. விரலைச் சிறிது நகர்த்தி, மூச்சைச் சிறிது தளர்த்தி, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த வழுக்கலும் அசைவும்தான் கமகம். கமகம்தான் நம் ராகத்துக்கு உயிர். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவியும் மூடியும் இருக்கின்றன. திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. கோபால்நாத் வாத்தியத்தில் சில மாறுதல்கள் செய்தார். மீதியை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். ஏறக்குறைய இருபது வருஷ சாதகம். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் வித்துவான் ஜான் ஹேண்டி அவருடைய வாசிப்பைக் கேட்டுவிட்டு, தாமும் சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டு மேடைக்கு வந்தார். 1994-ல் லண்டன் பி.பி.சி. பிராமனேட் கச்சேரியில் வாசித்தார். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானார்.

நாகஸ்வரக்காரர் மகன் சாக்ஸபோனைத் தேடிப் போனார் என்றால், சாக்ஸபோன்காரர் ஒருவர் நாகஸ்வரத்தைத் தேடி வந்த கதையும் உண்டு. பாஸ்டனில் 1923-ல் பிறந்த சார்லி மரியானோ, ஜாஸ் உலகத்தில் பெயர் பெற்ற பிறகு மலேசியாவில் நம் நாகஸ்வரத்தைக் கேட்டார். விடவில்லை. தென்னிந்தியாவுக்கு வந்து, மாணவனாக உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டு போய்த் தம் இசைத்தட்டுகளிலும் வாசித்தார். 1983-ல் பெங்களூர் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியைச் சேர்ந்த டி.ஏ.எஸ்.மணி, ஆர்.ஏ.ராமமணி குழுவினரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டும் கொடுத்தார். 2009-ல் ஜெர்மனியில் மறைந்தார். அக்கரைக்காரருக்கு இக்கரையின் அருமை தெரிந்தது. இக்கரையில் இருந்த நாங்கள், பதின்மூன்று வயதுப் பையனிடம் சொல்லி அனுப்பினோம்.

*

மேடையில் முதல் உருப்படி ஒரு சினிமாப் பாட்டு. பையன்கள் வெளுத்து வாங்கினார்கள். டிரம்ஸ் அடித்த அடியில் நெஞ்சு குலுங்கியது. கிழவர் வாசித்தது காதில் விழவே இல்லை. கன்னம் உப்புவதும் விரல்கள் போவதும் தெரிந்தது, ஒலியைக் காணோம். எனக்கு மனசு கேட்கவில்லை. முன்பு நாங்கள் ஒதுக்கினோம். இப்போது கூடவே வைத்துக்கொண்டு இவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று பட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. கிழவர் திரும்பிக் கீபோர்டு பையனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவன் ஒரே ஒரு கூட்டை அழுத்தி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த நீண்ட ஒலியின் மேலே கிழவர் ஊத ஆரம்பித்தார்.

அந்த ராகத்துக்கு நீலாம்பரி என்று பெயர் என்பதைத் தவில்காரப் பையன் பிற்பாடு சொன்னான். பெயர் தெரியாவிட்டால் என்ன? ஒலி எனக்குத் தெரியும். அர்த்தஜாமப் பூஜை முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும்போது, இதே மனிதர் இதே ராகத்தை நாயனத்தில் வாசிப்பார். எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டு தூங்கிப்போவேன். இப்போது பித்தளைக் குழாயிலிருந்து அது வந்தது. குரல் சற்றே கரகரத்தது. தாலாட்டுகிறவள் பாட்டியாகிவிட்டது போல. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

நடுவே மூச்சு அறுந்தது. மேலே ஏறப்போன ஒரு சங்கதி பாதியில் நின்றது. எழுபது வயது நெஞ்சு அவ்வளவுதான் தாங்கும். கிழவர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்தார். கூட்டத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். அந்தக் கணத்தில் கீபோர்டு பையன், வலது கையால் அறுந்த இடத்திலிருந்து சங்கதியைப் பிடித்து, மேலே கொண்டுபோய் முடித்தான். கமகம் எல்லாம் சுத்தமாக இல்லை. ஆனால் முடித்தான். கிழவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். பிறகு அவன் முடித்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தமக்கு எட்டிய உயரத்திலேயே வேறு ஒன்றைச் சொன்னார். அவன் பதில் சொன்னான். அதற்கு அவர் ஒரு கேள்வி போட்டார். டிரம்ஸ் பையன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்ட ஆரம்பித்தான். தவில் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. பேஸ் கிதார், கீபோர்டின் ஒற்றை ஒலியைத் தான் வாங்கிக்கொண்டது.

நான் முன்பு சொன்னேனே, ஜாஸ் ஆற்றில் போகும் படகு என்று. படகை ஓட்டப் பழகியிருந்த பையன்கள், கிழவருக்காக அதைக் கரையில் கட்டிவிட்டார்கள். கிழவரோ, கரையில் உட்கார்ந்து பழகியவர், முறை வைத்து வாசிக்கும் அவர்கள் வழக்கத்துக்கு இறங்கி வந்தார். அரை மணி நேரம் அப்படி நடந்தது. அது கர்நாடக சங்கீதமா, ஜாஸா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முன்பு அந்த மேடையில் ஐந்து பேர் வாசித்தார்கள். இப்போது ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பெரியவர் ஒருவர் சிறியவர்களோடு உட்காருவது சாதாரணக் காரியம் அல்ல. கோல்மன் ஹாக்கின்ஸ் 1944-ல், புகழின் உச்சியில் இருந்தபோது, தெலோனியஸ் மங்க் என்ற இளைஞரைத் தம் குழுவில் பியானோவுக்குச் சேர்த்துக்கொண்டார். மங்க் வாசிப்பது தாறுமாறு என்று பலர் கேலி செய்த காலம். ஹாக்கின்ஸ் கேட்கவில்லை. பின்னால் மங்க் யாரென்று உலகத்துக்குத் தெரிந்தது.

அமெரிக்கா எதற்கு? எங்கள் புதுக்கோட்டையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பஜனைக் கூடங்களில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. ஒரு சிறு வட்டச் சட்டம், உடும்புத் தோல், ஒரே ஒரு கை. இதை வைத்துக்கொண்டு மிருதங்கத்தோடு போட்டி போடலாம் என்று காட்டினார். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, 1875-ல் பிறந்தவர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிங்கம். 1930-களில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, செம்பை வைத்தியநாத பாகவதர் கச்சேரிகளில், 1912-ல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, அவர் கஞ்சிராவோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மிருதங்கம்தான் பிரதானம், கஞ்சிரா அதற்கு அடுத்தபடி. இருபது வயதுப் பையனுக்கு அடுத்தபடியாக உட்கார, அவ்வளவு பெரிய வித்துவானுக்குக் கௌரவக் குறைவு தோன்றவில்லை. நல்ல கை எங்கே இருந்தாலும் அதன் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டார்.

கத்ரி கோபால்நாத்தும் பிற்காலத்தில் இதைச் செய்தார். கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் ருத்ரேஷ் மகந்தப்பா; ஜாஸ் சாக்ஸபோன்காரர்; கோபால்நாத்தைவிட இருபத்திரண்டு வயது இளையவர். ஜாஸ் படித்துக்கொண்டிருந்த நாளில் அவருடைய அண்ணன், 'இந்திய பாணி சாக்ஸபோன்' என்ற பொருள்படும் தலைப்புள்ள இசைத்தட்டு ஒன்றைத் தம்பிக்கு விளையாட்டாக வாங்கிக் கொடுத்தாராம். அதை வாசித்தவர் கோபால்நாத். விளையாட்டு வினையாயிற்று. 2008-ல் இருவரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கன்னியாகுமரியின் வயலின், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம். இன்னொரு பக்கம் கிதார், பேஸ், டிரம்ஸ். 'கின்ஸ்மென்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் என்று அர்த்தம்.

*

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். கிழவர் பெஞ்சியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் அவரை "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டு சாமான்களைக் கட்டினார்கள். நான் இன்னார் மகன் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. அரை டவுசரோட வந்து வாசல்ல நின்னீங்க."

"ஐயா, அன்னிக்கு நான் வந்து சொன்னது..."

"ஓலை கொண்டு வந்தவனை யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கோவம் இல்லேன்னு சொன்னாப் பொய். ரெண்டு நாள் சோறு இறங்கலை. காலையில உங்க அப்பா முழுச் சம்பளத்தையும் குடுத்தாரு. வாசிச்ச நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் குடுத்திட்டேன்."

இது எனக்குத் தெரியாது. அப்பா கடைசி வரையில் சொல்லவில்லை.

"அது கிடக்கட்டும். முதல் நாள் ராத்திரி நான் வந்தேன், தெரியுமா? உங்க பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில நின்னு முழுசாக் கேட்டேன். குத்தம் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். அந்த ஆளு கல்யாணி எடுத்தாரு. கமகம் விழலை. ஆனா அந்தக் குழாயில விழும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மூன்று வருஷம் பொறுத்து, மாட்டை விற்று, திருச்சியில் பாண்டு வாசித்து ஓய்ந்த ஒருவரிடமிருந்து பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கினாராம். வீட்டில் அந்த அம்மாள் ஒரு மாதம் பேசவில்லையாம். மேடையேற நாலு வருஷம் பிடித்ததாம். "வயித்துக்குன்னுதான் எடுத்தேன். எடுத்த பிறகு பிடிச்சுப்போச்சு" என்றார்.

"நாயனம்?" என்று கேட்டேன்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "இருக்கு. உறை போட்டுப் பரண்ல இருக்கு. மூச்சு பத்தலை தம்பி. தவில் பையன் மக வயித்துப் பேரன்தான். அவனும் நாயனம் கத்துக்கலை. என்கிட்ட கத்துக்க ஒருத்தரும் வரலை. அது ஒண்ணுதான்." மேலே சொல்லவில்லை.

1947 ஆகஸ்டு 14-ந் தேதி இரவு, தேசம் விடுதலை பெறும் வேளையில், தில்லியில் ஒலித்த மங்கள வாத்தியம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். சட்டை போடக் கூடாது, உட்காரக் கூடாது என்று சொல்லி நாகஸ்வரக்காரர்களைத் திண்ணையில் நிறுத்தி வைத்திருந்த காலத்தில், கோட்டு அணிந்து, மேடை மேல் உட்கார்ந்து வாசித்தவர் அவர். அவ்வளவு கௌரவம் தேடிக் கொடுத்த வாத்தியத்தை நாம் என்ன செய்தோம்? தாலி கட்டும் ஒரு நிமிஷத்துக்கு மட்டும் வேண்டும், அப்புறம் வேண்டாம். பிடில் வெளிநாட்டிலிருந்து வந்தது; இருநூறு வருஷத்தில் நம்முடையதாகிவிட்டது. கிளாரினெட் வந்தது; எங்கள் ஜில்லா இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரம் கற்ற ஏ.கே.சி.நடராஜன் அதை நம்முடையதாக்கினார். சாக்ஸபோனும் வரட்டும், வாழட்டும். வந்த வாத்தியத்தின் மேல் குற்றம் இல்லை. விருந்தாளி வந்துவிட்டார் என்பதற்காக வீட்டுப் பெரியவரை எழுப்பி வெளியே அனுப்பினோமே, அந்தக் குற்றம் நம்முடையது.

*

மறுநாள் காலை குடுமியான்மலைக்குப் போனேன். சிகாநாதசுவாமி கோயிலின் பின்புறம், குன்றில் குடைந்த பழைய கோயிலை அடுத்து, பாறையின் முகத்தில் அந்தச் சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. ஏழு கிராம ராகங்களுக்கு உரிய ஸ்வரக் கோவைகளை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் செய்தது என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். அது நிச்சயம் இல்லை என்று அறிஞர்கள் இப்போது கருதுகிறார்கள். ருத்ராசாரியார் என்பவருடைய சிஷ்யனாகிய ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. பக்கத்தில் தமிழில் சின்னஞ்சிறு குறிப்பு ஒன்று: இந்த ஸ்வரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். எட்டு நரம்புள்ள வாத்தியத்தில் வாசித்தாலும் சரி, ஏழு நரம்புள்ளதில் வாசித்தாலும் சரி, பண் ஒன்றுதான் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

வாத்தியம் மாறலாம் என்று ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே பாறையில் வெட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றபோது, வேறொன்றும் தோன்றிற்று. எழுத்து அப்படியே இருக்கிறது. அதை அன்று வாசித்தது போல வாசித்துக் காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. மாணவர்களின் நன்மைக்காக என்று கல்லில் எழுதினால் மட்டும் போதாது. கற்றுக்கொள்ள மாணவன் ஒருவன் வர வேண்டும். அவன் வருவதற்கு, கற்ற வித்தை அவனுக்குச் சோறு போட வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அக்காவிடமிருந்து டெலிபோன். அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். வரவேற்புக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டாள். இந்தக் கிழவரையும் பையன்களையும் சொன்னேன். இலுப்பூர்ப் பக்கம் இளம் வயசு நாயனக்காரர் ஒருவர் இருப்பதையும் சொன்னேன். காலையில் மட்டும் அல்ல, முதல் நாள் இரவும் அவர் வாசிக்க வேண்டும், மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றேன்.

"சரி, அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிவிட யாரை அனுப்புறது?" என்றாள் அக்கா.

"நானே போறேன்" என்றேன்.